செய்னம்பு உம்மாவின் தண்ணீரைப் பூட்டியது யார்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, பள்ளி மதிலோரம் இருக்கும் தண்ணீர் இயந்திரத்தைத் திறந்தபோது அங்கே நின்றவர்கள் இவர்கள்: பள்ளி நிர்வாகத் தலைவர் முஸம்மில், பாங்கு சொல்லும் மோதினார் ஸப்ரான், என் தங்கை மகன் இன்ஷாப், பாலாவியில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் கௌசிகன், தலவிலையிலிருந்து வந்த சவிரிமுத்து, கலன்களோடு நின்ற பெண்களுக்கு முன்னால் என் மகள் மர்ஷூதா, தொழுகை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நின்ற ஊரார், பிறகு நான், அத்தாஉல்லா. சந்தியில் நின்றுகொண்டு கண்ணால் கண்டதாகச் சொல்கிறவர்கள் எவரும் அங்கே இருக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மதுரங்குளியிலிருந்து உப்புநீர்க் களப்புப் பக்கமாக உள்ளே இருக்கிறது. கிணறுகளில் தண்ணீருக்குக் குறைவில்லை. ஆனால் அதில் தேநீர் ஊற்றினால் தேநீரும் உப்புக் கரிக்கும். என் தாய் செய்னம்பு உம்மா மௌத்தானபோது, அவர் பேரில் பள்ளிக்கு ஒரு தண்ணீர் வடிகட்டும் இயந்திரத்தை வக்பு செய்தோம். ஒருவர் மௌத்தான பிறகும் அவருக்கு நன்மை சேர்ந்துகொண்டே இருக்கும் தர்மம் அது. அந்தக் குழாயில் ஒரு பிள்ளை தண்ணீர் குடித்தாலும் கப்றில் இருக்கும் என் தாய்க்கு அதில் பங்குண்டு. குழாய் நின்றால் அதுவும் நிற்கும்.

இயந்திரத்தைத் தந்தது வெளிநாட்டுச் சரக்கை இறக்கி விற்கும் ஒரு கொழும்புக் கம்பனி. அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை, சொன்னால் விளம்பரமாகிவிடும். ஆளுயரப் பெட்டி. நெஞ்சில் ஒரு திரை. திரையைத் தொட்டால் தண்ணீர் வரும். வடிகட்டி அழுக்கானால் தானே இணையத்தில் கம்பனிக்குச் செய்தி அனுப்பும். 'மர்ஹூமா செய்னம்பு உம்மா நினைவாக, அத்தாஉல்லா குடும்பத்தார்' என்று திரையில் எழுத்து ஓடிக்கொண்டேயிருக்கும். கம்பனியின் பதிவில் உரிமையாளர் என்ற இடத்தில் பள்ளியின் பெயரைப் போடலாமா என்று, இயந்திரத்தைத் தன் போனோடு இணைத்துப் பார்த்துக்கொண்ட இன்ஷாப் கேட்டான். எங்கள் பெயரைப் போடச் சொன்னது நான்தான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். கொடுத்தவன் பெயர் நாலு பேருக்குத் தெரிந்தால்தான் அடுத்தவனுக்கும் கொடுக்க மனம் வரும்.

ஒரு திங்கட்கிழமை காலை, தண்ணீர் எடுக்கப்போன மர்ஷூதா வெறுங்கலனோடு திரும்பி வந்தாள். அவள் பாடசாலை ஆசிரியை. எதையும் நேராகச் சொல்லும் பழக்கம் கிடையாது.

"வாப்பா, ஊர்ல எல்லாரும் ஒங்களத்தான் தொடர்புகொள்ளணுமாம்."

"என்னத்துக்கு?"

"மெஷின் சொல்லுது. சிவப்பு எழுத்துல."

போய்ப் பார்த்தேன். என் தாயின் பெயர் ஓடிய இடத்தில் இப்படி இருந்தது: 'இயந்திரம் பூட்டப்பட்டுள்ளது. உரிமையாளரைத் தொடர்புகொள்ளவும்.' அதற்குக் கீழே என் பெயர்.

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கே பொதுக் கிணறுகள் எல்லாம் ஏதோ ஒரு குடும்பம் கொடுத்தவை. சண்டை வந்தால் கொடுத்த குடும்பம் கிணற்றுக்குப் பூட்டுப் போட்ட காலமும் உண்டு. முஸம்மிலின் பாட்டனார் சங்கிலி போட்ட கிணறு இன்னும் இருக்கிறது. சங்கிலி உரசிய தடமும் கல்லில் இருக்கிறது. ஆகவே இங்கே தண்ணீர் நின்றால் மோட்டாரையோ மின்சாரத்தையோ யாரும் நினைப்பதில்லை. யார் நிறுத்தியது, என்ன கோபம் என்றுதான் கேட்பார்கள்.

கோபத்துக்குக் காரணமும் ஆயத்தமாக இருந்தது. அதற்கு முந்திய மாதம்தான் நிர்வாகத் தெரிவு நடந்தது. என் வாப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் இருந்த தலைமை முஸம்மிலுக்குப் போனது.

நான் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "தெரிவுல தோத்தா தண்ணியையா பூட்டுற?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் பதில் சொல்ல வேண்டிவரும். பதில் சொன்னால் அது குற்றவாளியின் பதிலாகிவிடும்.

முஸம்மில் வந்தார். வயதில் எனக்கு இளையவர். முகத்தில் அநியாயத்துக்குச் சாந்தம்.

"ஹாஜியார், நான் ஒண்டும் சொல்லல்ல. மெஷின்தானே சொல்லுது."

"மெஷினுக்கு வாய் குடுத்தது யார்?"

"அத மருமகன்கிட்டக் கேளுங்க. மெஷின்ட போன் அவர்ட கையிலதானே."

"கிணத்துக்குச் சங்கிலி போட்டது ஒங்கட பாட்டன். எங்கட வீட்டுல அந்தப் பழக்கம் இல்ல."

"அந்தச் சங்கிலிப் பூட்டுக்கு ஒரு திறப்பு இருந்திச்சி ஹாஜியார். இதுக்கு எங்க திறப்பு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முஸம்மில் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குள் தண்ணீர் வராவிட்டால் இந்தப் பெட்டியை எடுத்துவிட்டு தங்கள் குடும்பத்தால் வேறொன்று வைப்பதாகச் சொன்னார். வேறொன்று இவ்வளவு சீக்கிரம் எங்கிருந்து வரும்? முன்கூட்டியே பேசி வைத்திருந்தால்தான் வரும். அவர் மேல் எனக்குச் சந்தேகம் விழுந்தது அந்த நேரத்தில்தான்.

பெட்டி போனால் போகட்டும் என்று என்னால் இருக்க முடியாது. போவது பெட்டி மட்டுமல்ல. செய்னம்பு உம்மாவின் பிள்ளைகள் தாயின் பேரில் கொடுத்த தண்ணீரைக் கோபத்தில் பூட்டினார்கள் என்ற பேர் ஊரில் நின்றுவிடும். அந்தக் கல்லில் சங்கிலித் தடம் நிற்பதுபோல நிற்கும்.

அன்றைக்கே இன்ஷாபைக் கூப்பிட்டேன். அவனிடமும் எனக்கு ஒரு குறை இருந்தது. நிர்வாகத் தெரிவில் அவன் முஸம்மிலுக்குக் கை தூக்கியவன். என் கண்ணுக்கு முன்னால் தூக்கினான்.

போனை என்னிடம் நீட்டினான். "மாமா, என்னயே வெளிய போட்டுட்டான். பாருங்க, உள்ளுக்குப் போக விடுதில்ல."

"யார் வெளிய போட்டது?"

"தெரியா."

"முஸம்மிலா?"

"அவர் போன்ல சத்தம் கூட்டுறதுக்கே மகனக் கூப்பிடுறவர், மாமா."

"நீ அவருக்குக் கை தூக்கினவன். இப்ப வக்கீலும் நீதானா?"

அவன் முகம் கறுத்துவிட்டது. "கை தூக்கினது பள்ளிக்கு. உம்மம்மாட தண்ணியில நான் கைவைப்பேனா?" என்று கேட்டுவிட்டு, மர்ஷூதா கொண்டுவந்து வைத்த தேநீரைக் குடிக்காமல் போனான்.

"உப்புத் தேத்தண்ணிதான். அவன் தப்பிட்டான்" என்றாள் மர்ஷூதா. அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் லுஹர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போனபோது மோதினார் ஸப்ரான் என்னைத் தூணோரம் அழைத்துக் குரலைத் தாழ்த்தினார். "ஹாஜியார், சொல்றன் எண்டு நெனைக்க வேணாம். இன்ஷாபைப் பாலாவியில பழைய சாமான் கடையில கண்டவங்க இரிக்காங்க."

பழைய சாமான் கடையில் என் மருமகனுக்கு என்ன வேலை? இயந்திரத்தின் உள்ளே இருந்ததைக் கழற்றி விற்றுவிட்டானோ? பள்ளிக்குக் கொடுத்த பொருளில் ஒரு ஆணி எடுத்தாலும் அது திருட்டு. அதை எடுத்தவன் எங்கள் வீட்டான் என்றால், முஸம்மில் சொன்னது பொய் என்று இனி நான் எப்படிச் சொல்வேன்? யாரிடமும் சொல்லாமல் வெள்ளைச் சட்டையை மாற்றிக்கொண்டு ஆட்டோவில் பாலாவிக்குப் போனேன். கடைக்குச் சற்று முன்னதாகவே நிறுத்தச் சொல்லி இறங்கி நடந்தேன். சீமெந்து லொறிகள் கிளப்பிய தூசி சட்டையெல்லாம் படிந்தது.

அதைக் கடை என்று சொல்ல முடியாது. தகர வேலி அடித்த ஒரு வளவு. உள்ளே போனால் இரும்புத் துருவைத்தான் காண்பேன் என்று நினைத்திருந்தேன். கண்டதெல்லாம் புதுச்சாமான். கீறலில்லாத தொலைக்காட்சிகள். வாசலில் வைக்கும் கெமராக்கள் ஒரு சாக்கு நிறைய. கையில் கட்டும் மணிக்கூடுகள். சுவரோரம் எங்கள் பள்ளியில் நிற்பதுபோன்ற பெட்டிகள், அதே நிறம், அதே திரை, வரிசையாக நின்றன. பள்ளியில் ஒரு பெட்டி நிற்பதுதான் ஊருக்குத் தெரியும். இங்கே ஒரு ஸஃப் வரிசையே நின்றது, தொழுகைக்கு நிற்பதுபோல.

கௌசிகன் வன்னிப் பக்கத்திலிருந்து யுத்த காலத்தில் இங்கே வந்து தங்கிய குடும்பத்துப் பையன் என்று பிறகு அறிந்தேன். பையன் என்றாலும் நாற்பது வயது இருக்கும். வாய் அதற்கு மேல்.

"வாங்கோ ஐயா. விக்க வந்தனீங்களோ, வாங்க வந்தனீங்களோ?"

"ஒரு ஆளப் பத்திக் கேக்க வந்தன். இன்ஷாப் எண்டு, மதுரங்குளிப் பக்கம். இங்க என்ன வித்தான்?"

"விக்கேல்லை ஐயா. ஒரு சேர்கிட் போட் தேடி வந்தவர். தண்ணி மெசினுக்கு. குடும்ப மானம் போகுது, எங்கையாவது ஒண்டு எடுத்துத் தாங்கோ எண்டு நிண்டவர்." என்னை ஏற இறங்கப் பார்த்தான். "மாமா வந்து கேட்டால் சொல்லாதேங்கோ எண்டும் சொன்னவர். நீங்கள்தானோ அந்த மாமா?"

அங்கே கிடந்த ஒரு கதிரையில் உட்கார்ந்தேன்.

வரிசையில் கடைசிப் பெட்டியை ஒரு வயதான மனிதர் சாரத்தின் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார். கழுத்தில் செபமாலை. அவர்தான் சவிரிமுத்து. தலவிலையில் புனித அன்னாள் ஆலயத் திருவிழாவுக்கு வரும் ஆட்கள் தங்கும் தனியார் விடுதியொன்றில் காவல்காரராக இருந்தவர். அந்தப் பெட்டி அந்த விடுதியில் இருந்தது.

"நான் கைவைக்கல்ல ஐயா" என்றார், நான் கேட்குமுன்பே. கேட்பவர் எவருக்கும் முதலில் அதைச் சொல்லிப் பழகிவிட்டவர் என்று தெரிந்தது. "விடிய எழும்பிப் பாக்க நிண்டுபோயிருந்திச்சு. உரிமையாளரைத் தொடர்புகொள்ளுங்க எண்டு காட்டுது, கீழ யோசேப்பு முதலாளிட பேர். முதலாளியே வந்து பாத்தார். முதலாளி முதலாளியத் தேடணுமாம் எண்டு நான் சிரிச்சுட்டன். சிரிச்சவன்தான் உடைச்சவன் எண்டு என்னை நிப்பாட்டிட்டார்."

"பழுதுதானா?" என்று கௌசிகனைக் கேட்டேன்.

"பழுதோ? பிரேதம் எண்டுதான் கொண்டு வந்து போடுவினம். நான் கரண்ட் குடுத்தால் எழும்பி நிக்கும். இந்த வளவுக்குள்ள கிடக்கிறதில பாதி சாகாததுகள் ஐயா. சாகாததுகளைப் புதைக்கிறதுக்குத்தான் எனக்கு இடம் காணாமல் கிடக்கு."

இன்ஷாபைப் போனில் அழைத்தேன். மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தான். என்னையும் கௌசிகனையும் மாறி மாறிப் பார்த்தான். "அந்தக் கம்பனிக்கு எடு. எல்லாருக்கும் கேக்கப் போடு" என்றேன்.

வெகுநேரம் பாட்டு ஓடிய பிறகு ஒரு பெண்பிள்ளை பேசினாள். பெயர் றிஷ்னா என்றாள். மரியாதையான பிள்ளை.

"மகள், என்ட தாய்ட பேரில பள்ளிக்குக் குடுத்த தண்ணி மெஷின் நிண்டிரிக்கி."

இயந்திரத்தின் இலக்கத்தைக் கேட்டாள். தட்டுகிற சத்தம் கேட்டது. "சேர், அந்த மொடலுக்கான சேவைக்காலம் முடிஞ்சிட்டு."

"மெஷின் பழுதா?"

"இல்ல சேர். பழுது ஒண்டும் காட்டல்ல."

"அப்ப ஏன் நிண்டது?"

"சேவை முடிஞ்ச மொடல்கள் எல்லாத்தையும் பூட்டுறது சேர். பாதுகாப்புக்காக."

"யார்ட பாதுகாப்புக்கு?"

"புது மொடலுக்கு இப்ப விசேட விலைக்கழிவு போகுது சேர்" என்றாள்.

"பூட்டினது நீங்க. உரிமையாளர் எண்டு எங்கட பேர ஏன் போட்டீங்க?"

"அது எல்லா மெஷின்லயும் அப்படித்தான் வரும் சேர். யார் பேர்ல பதிஞ்சிரிக்கோ அவங்கட பேர்."

"அப்ப யோசேப்புட மெஷின்ல யோசேப்புட பேர்."

"யார் சேர் யோசேப்பு?"

"அவருக்கே தெரியாது மகள்" என்றார் சவிரிமுத்து தூரத்திலிருந்து.

திறந்துவிட முடியுமா என்று கேட்டேன். அது இங்கே யாராலும் முடியாது, வெளிநாட்டில்தான் என்றாள். தான் போனுக்குப் பதில் சொல்லும் ஆள் மட்டும்தான் என்று மன்னிப்பும் கேட்டாள்.

நான் அந்தப் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் கொடுத்தால் கொடுத்ததுதான். வக்பு செய்த பொருளை என் தாயே எழும்பி வந்தாலும் திருப்பிக் கேட்க முடியாது. இவர்களோ விற்ற பொருளின் கழுத்தில் ஒரு கயிற்றைக் கட்டி நுனியைத் தங்கள் கையிலேயே வைத்திருந்திருக்கிறார்கள். வேண்டும்போது இழுத்தார்கள். இழுபட்ட நேரத்தில் ஊரில் நாங்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்துக்கொண்டோம். முஸம்மிலை நான் சந்தேகித்தேன். முஸம்மில் என்னைச் சந்தேகித்தார். தலவிலையில் ஒரு மனிதர் சிரித்ததற்காக வேலையை இழந்தார்.

ஆனாலும் போனில் வந்த ஒரு குரலை ஊர் நம்பாது. நானும் முழுக்க நம்பவில்லை. யோசேப்பின் பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கும்படி கௌசிகனிடம் சொன்னேன். கொடுத்தான். அதே சிவப்பு எழுத்து, அதே வசனம், கீழே யோசேப்பின் பெயர்.

"இந்தப் பெட்டியை வெள்ளிக்கிழமை எங்கட பள்ளிக்குக் கொண்டு வரணும். நீங்களும் வரணும்" என்றேன் சவிரிமுத்துவிடம்.

"பள்ளிக்கா? நான் வரலாமா ஐயா?"

"தண்ணி எடுக்கிற இடத்துக்கு யாரும் வரலாம்."

வெள்ளிக்கிழமை கௌசிகனின் சின்ன லொறி பள்ளி முன்றலுக்கு வந்தபோது ஜும்ஆ முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். தலவிலை விடுதியின் பெட்டியை எங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் இறக்கினோம். அதன் விலாவில் புனித அன்னாளின் படம் ஒட்டியிருந்தது. "இதென்ன, பள்ளிக்குச் சோடி சேத்துக் கொண்டுவந்தீங்களா?" என்று யாரோ கேட்டார்கள். ஸப்ரான் உள்ளேயிருந்து வயர் இழுத்துத் தந்தார். இரண்டு திரைகளும் ஒரே நேரத்தில் சிவப்பாயின. ஒன்றில் அத்தாஉல்லா. மற்றதில் யோசேப்பு.

இன்ஷாப் இரண்டையும் சத்தமாக வாசித்தான். பிறகு றிஷ்னா சொன்னதைச் சொன்னான். ஆட்கள் முன்னுக்கு நெருங்கி வந்து இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். முஸம்மில் மட்டும் விடவில்லை.

"ஹாஜியார், தலவில மெஷினயும் நீங்களே பூட்டிக் கொண்டுவரல்லெண்டு எப்படிச் சொல்ற?"

"தலவிலயில எனக்கு எந்தத் தெரிவு இருந்திச்சி முஸம்மில், தோக்குறதுக்கு?"

பெண்கள் பக்கத்தில் முதலில் சிரித்தது மர்ஷூதாதான் என்று நினைக்கிறேன். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். முஸம்மிலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

கௌசிகன் திருகாணி கழற்றும் சாமானைக் கையில் எடுத்தான். "இந்தத் திரையையும் அதுக்குப் பின்னால இருக்கிற மூளையையும் கழட்டிப்போட்டு மோட்டருக்கு ஒரு சுவிட்ச் வைச்சால் தண்ணி வரும். கழட்டட்டே ஐயா?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டான். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். அந்த இடத்தில் நான் 'கழட்டு' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். எங்கள் பேரும் அதோடு முடிந்திருக்கும். திறக்கச் சொல்கிறவன்தான் பூட்டவும் சொல்லியிருப்பான் என்று நாளைக்குக் கதை வரும்.

"என்னக் கேக்க வேணாம்" என்றேன். "இது என்ட சாமான் இல்ல. செய்னம்பு உம்மாட பிள்ளையள் இத அல்லாஹ்வுக்காகப் பள்ளிக்குக் குடுத்திட்டாங்க. குடுத்த நாளே எங்கட கைய விட்டுப் போயிட்டு. பூட்டவும் எங்களுக்கு உரிமை இல்ல, திறக்கவும் இல்ல. பள்ளித் தலைவர் நிக்கிறார். அவரக் கேளுங்க."

முஸம்மில் என்னைப் பார்த்தார். நான் என்ன கேட்கிறேன் என்பது அவருக்குப் புரிந்தது. திறங்கள் என்று அவர் சொன்னால், அந்தப் பெட்டி எங்கள் கையில் இருக்கவில்லை என்று ஊர் முன்னால் அவரே சொன்னதாகிவிடும். புதுப் பெட்டி வைக்கும் பேச்சும் அதோடு போய்விடும். தாடியைத் தடவிக்கொண்டார்.

"பள்ளிட சாமான்" என்றார் கடைசியில். "பள்ளி சொல்லுது. திறங்க."

கௌசிகன் திறந்தான். திரை கழன்று வந்தது. என் தாயின் பெயர் ஓடிய கண்ணாடி. அதைப் பிடித்துக்கொள்வதா என்று இன்ஷாப் என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று தலையாட்டினேன். அது கௌசிகனின் சாக்குக்குள் போனது. வீட்டு வாசலில் மணியடிக்க வைப்பது போன்ற ஒரு சாதாரண சுவிட்சை அவன் பெட்டியின் நெஞ்சில் பொருத்தினான். ஸப்ரான் பிஸ்மில்லாஹ் சொல்லி அழுத்தினார். மோட்டார் முனகியது, குழாய் இரண்டு தரம் காற்றை உமிழ்ந்தது, பிறகு தண்ணீர் வந்தது. முதல் கலனை மர்ஷூதா பிடித்தாள். பிடித்ததை அவள் எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. சவிரிமுத்துவுக்குக் குடிக்கக் கொடுத்தாள்.

பெட்டியின் மேல் இப்போது எந்தப் பெயரும் இல்லை. புதிதாக எழுதி ஒட்டலாமா என்று நிர்வாகம் கேட்டது. வேண்டாம் என்றேன். பெயர் எழுதுகிற இடத்தை இனி எவரிடமும் கொடுப்பதாக இல்லை. எழுத வேண்டிய இடத்தில் அது எழுதப்பட்டுத்தான் இருக்கும்.

யோசேப்பின் பெட்டிக்கும் கௌசிகன் சுவிட்ச் வைத்துக் கொடுத்தான். விஷயத்தை இன்ஷாப் தலவிலைக்குப் போய் விளக்கினான். யோசேப்பு கேட்டுக்கொண்டார், பெட்டியையும் எடுத்துக்கொண்டார். ஆனால் வேறு காவல்காரனைப் போட்டாயிற்று என்று சொல்லிவிட்டார். சவிரிமுத்து இப்போது எங்கள் தோட்டத்தில் காவலுக்கு இருக்கிறார்.

வீட்டில் தொலைக்காட்சி, மர்ஷூதாவின் கைமணிக்கூடு, வாசல் கெமரா எல்லாவற்றிலும் உரிமையாளர் என்று யார் பெயர் இருக்கிறது என்று தேடிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். "எல்லாத்திலயும் ஒங்கட பேர்தான் வாப்பா" என்கிறாள். அந்தப் பதிலும் எனக்குப் பிடிக்கவில்லை.

இப்போது மதுரங்குளிச் சந்தியில் ஒரு கதை ஓடுகிறது: அத்தாஉல்லா ஹாஜியார் வீட்டார் கோபத்தில் தண்ணீரைப் பூட்டினார்களாம், பிறகு முஸம்மிலுக்குப் பயந்து வெள்ளிக்கிழமை திறந்துவிட்டார்களாம். அது பொய். பூட்டியது தண்ணீர்ப் பெட்டியைச் செய்தவர்கள். திறக்கச் சொன்னது முஸம்மில். திறந்தது கௌசிகன். எங்கள் வீட்டார் அந்த இயந்திரத்தைப் பூட்டவும் இல்லை, திறக்கவும் இல்லை.